கொடுத்தாரா, திருப்பிக் கொடுத்தாரா?

"பத்து வருஷம் மிலிடரி ரூல் வரணும் சார், அப்பத்தான் இந்த தேசம் உருப்படும்."

தில்லியில் வாழும் தமிழர்களில் இந்த வாக்கியத்தைக் கேட்காதவர் இருக்க முடியாது. ஜி.டி. எக்ஸ்பிரஸ் ஆறு மணி நேரம் தாமதமாக வந்தால் சொல்வார்கள். மின்சாரம் போனால் சொல்வார்கள். பாராளுமன்றத்தில் கூச்சலிலேயே ஒருநாள் அலுவல் வீணாகிவிட்டால் கட்டாயம் சொல்வார்கள். எமர்ஜென்சியின்போது ரயில்கள் நேரத்துக்கு ஓடியதையும் மறக்காமல் சேர்த்துக் கொள்வார்கள். சொல்கிறவர்கள் பொல்லாதவர்கள் அல்லர். பெரும்பாலும் முப்பது, முப்பத்தைந்து வருஷம் சர்க்கார் உத்தியோகம் பார்த்து, கைசுத்தமாக ஓய்வு பெற்றவர்கள். அவர்களுடைய எரிச்சலில் நியாயம் இருக்கிறது. மருந்துதான் தவறு என்பது என் கட்சி.

"சரி, பத்து வருஷம் கழித்து என்ன ஆகும்?" என்று கேட்டுப் பாருங்கள். "நல்ல ஜெனரலாக அமைந்தால், எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்திவிட்டு, தேர்தல் நடத்தி, ஆட்சியைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்" என்று பதில் தயாராக வரும்.

அந்த நல்ல ஜெனரலைப் பற்றித்தான் எழுத வந்தேன். அவர் வெறும் கற்பனை அல்ல. அப்படி ஒருவர் நைஜீரியாவில் இருந்தார். சொன்ன தேதியில் ஆட்சியை விட்டு இறங்கிப்போய்க் கோழிப்பண்ணை வைத்தார். போதாததற்கு, அவர் நம் நீலகிரியில் படித்தவர். குன்னூருக்கு அருகிலுள்ள வெலிங்டன் இராணுவ அதிகாரிகள் கல்லூரியில் 1965-இல் பயிற்சி பெற்று, பிறகு பூனாவில் இராணுவப் பொறியியலும் கற்றுக்கொண்டு ஊர் திரும்பியவர். பெயர் ஒலுசெகுன் ஒபசாஞ்சோ.

நம் நண்பர்கள் இதைக் கேட்டால், "பார்த்தீர்களா, நம் ஊரில் படித்ததால்தான் அந்தப் பண்பு" என்று உடனே பெருமைப்படுவார்கள். சற்றுப் பொறுங்கள். ஒபசாஞ்சோ ஒப்படைத்த மக்களாட்சியைக் கவிழ்த்த முகமது புகாரியும் அதே வெலிங்டனில் 1973-இல் படித்தவர்தான். பிற்பாடு தேர்தலையே ரத்து செய்த இப்ராகிம் பாபங்கிடா 1964-இல் டேராடூனில் பயிற்சி பெற்றவர். நைஜீரியாவின் கடூனா நகரில் அந்த நாட்டு இராணுவக் கல்லூரியை 1964-இல் நிறுவிக் கொடுத்ததே இந்திய இராணுவ அதிகாரிகள் குழுதான். ஒரே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளில் ஒருவர் கொடுத்தார், இன்னொருவர் பறித்தார். ஆகவே 'நல்ல ஜெனரல்' வேண்டும் என்று காத்திருப்பவர்கள், அவரை எந்தக் கல்லூரியில் தேடுவது என்பதையும் சொல்லிவிட்டால் நல்லது.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நைஜீரியா 1960 அக்டோபர் 1-ஆம் தேதி சுதந்திரம் அடைந்தது. 1966 ஜனவரியில் முதல் இராணுவப் புரட்சி. பிரதமர் பலேவா கொல்லப்பட்டார். அதே ஆண்டு ஜூலையில் இன்னொன்று. பிறகு 1967 முதல் 1970 வரை பியாஃப்ரா உள்நாட்டுப் போர். போரின் முடிவில், 1970 ஜனவரியில், பியாஃப்ரா படையின் சரணாகதியைப் போர்முனையில் ஏற்றுக்கொண்ட தளபதி ஒபசாஞ்சோ. அப்போது நாட்டை ஆண்ட ஜெனரல் கோவோன், 1976-இல் ஆட்சியை மக்களிடம் ஒப்படைப்பதாக வாக்களித்தார். 1974-ஆம் ஆண்டு சுதந்திர தினத்தன்று, அந்தத் தேதி சாத்தியமில்லை என்று சொல்லிவிட்டார். அடுத்த ஜூலையில் அவர் கம்பாலாவில் ஆப்பிரிக்க நாடுகளின் மாநாட்டில் உட்கார்ந்திருந்தபோது ஊரில் அவருடைய பதவி போயிற்று. அவர் பிறகு இங்கிலாந்து போய் வார்விக் பல்கலைக்கழகத்தில் மாணவராகச் சேர்ந்து அரசியல் படித்தார். ஒன்பது வருஷம் ஆண்டு முடித்துவிட்டு அப்புறம் அரசியல் படிக்கப்போன வேறொருவரை நான் கேள்விப்பட்டதில்லை.

கோவோனுக்குப் பின் வந்த முர்தலா முகமது ஒரு தேதி வைத்தார்: 1979 அக்டோபர் 1. அவர் ஆண்டது சுமார் ஆறரை மாதம். 1976 பிப்ரவரி 13 அன்று, லாகோஸ் நகரத்துப் போக்குவரத்து நெரிசலில் நின்ற காரிலேயே அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அவருக்கு அடுத்த நிலையில் இருந்த ஒபசாஞ்சோ தலைவரானார். நண்பர் கொல்லப்பட்டுவிட்டார், நாட்டில் பாதுகாப்பு இல்லை, தேதியைத் தள்ளிவைக்கிறேன் என்று அவர் சொல்லியிருந்தால் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். அவர் சொல்லவில்லை. மாநிலங்கள் 12-லிருந்து 19 ஆயின. அரசியல் நிர்ணய சபை கூடியது. 1978 செப்டம்பரில் கட்சிகள் மீதிருந்த தடை நீங்கியது. ஐந்து கட்சிகள் பதிவாயின. 1979 ஆகஸ்ட் 11-ஆம் தேதி ஜனாதிபதி தேர்தல் நடந்தது.

இங்கேதான் சுவாரசியமான சங்கதி வருகிறது. ஜனாதிபதியாக அதிக ஓட்டு வாங்கினால் மட்டும் போதாது. மொத்த மாநிலங்களில் மூன்றில் இரண்டு பங்கிலாவது, ஒவ்வொன்றிலும் கால் பங்கு ஓட்டு வாங்கியிருக்க வேண்டும் என்பது விதி. வடக்கே ஒரு இனம், மேற்கே ஒரு இனம், கிழக்கே ஒரு இனம் என்று பிரிந்து கிடந்த நாட்டில், தன் சொந்தப் பகுதியில் மட்டும் செல்வாக்குள்ளவர் நாட்டுக்கே தலைவராகிவிடக் கூடாது என்பதற்காகச் செய்த நல்ல ஏற்பாடு. ஆனால் மாநிலங்கள் 19. அதில் மூன்றில் இரண்டு எவ்வளவு? பன்னிரண்டும் மூன்றில் இரண்டும்!

வடக்கைச் சேர்ந்த ஷெகு ஷகாரி சுமார் 34 சதவீத ஓட்டு பெற்று முதலில் வந்தார். மேற்கின் பெரிய தலைவர் ஒபாஃபெமி அவோலோவோ சுமார் 29 சதவீதம். ஷகாரிக்கு 12 மாநிலங்களில் கால் பங்கு கிடைத்துவிட்டது. பதின்மூன்றாவதாகக் கானோ மாநிலத்தில் 20 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. அவருடைய கட்சி வழக்கறிஞர் ஒரு கணக்குப் போட்டார். நமக்கு வேண்டியது முழுக் கானோ அல்ல, மூன்றில் இரண்டு கானோதான். எனவே 25 சதவீதத்தில் மூன்றில் இரண்டு, அதாவது 16.67 சதவீதம் வாங்கினாலே போதும் என்றார். தேர்தல் கமிஷன் ஒப்புக்கொண்டு ஷகாரி ஜெயித்ததாக அறிவித்தது.

அந்தச் சமயத்தில் என் ஒன்றுவிட்ட அண்ணா கானோ மாநிலத்தில் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தார். அந்தக் காலத்தில் எண்ணெய்ப் பணம் கொழித்த நைஜீரியாவில் புதுப்புதுப் பள்ளிக்கூடங்களுக்கு ஆசிரியர்கள் தேவைப்பட்டதால், நம் பக்கத்திலிருந்து பி.எட். முடித்தவர்கள் பலர் போனது இந்த இதழின் வாசகர்களில் சில குடும்பங்களுக்காவது நினைவிருக்கும். நீல நிற ஏரோகிராமில் இடம் போதாமல் ஓரமெல்லாம் எழுதியிருந்தார். ஊரையும் மழையையும் பற்றி இரண்டு வரி. மீதியெல்லாம் இந்த மூன்றில் இரண்டு. மாட்டைப் பாதியாக வாங்க முடியாதது போல மாநிலத்தையும் பாதியாக வாங்க முடியாது, 12.67 என்றால் 13 என்றுதான் மேலே ஏற்ற வேண்டும், எட்டாம் வகுப்புப் பையன் இப்படிப் போட்டிருந்தால் முட்டை போட்டிருப்பேன் என்று எழுதியிருந்தார். ஆசிரியர்கள் அறையில் பத்து நாள் இதே பேச்சாம்.

அவோலோவோ நீதிமன்றம் போனார். 1979 செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பில் அவர் மனுவைத் தள்ளுபடி செய்தது. நீதிபதி கயோடே ஏசோ மட்டும் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். ஒப்படைக்க வேண்டிய நாளுக்கு இன்னும் ஐந்தே நாள்.

வாசகர்கள் அந்த ஐந்து நாளைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்க வேண்டும். துப்பாக்கி கையில் இருக்கிறது. தேர்தலில் வழக்கு. பாதி நாடு முணுமுணுக்கிறது. 'கணக்கே தகராறாகிவிட்டது, மறுபடி தேர்தல் நடத்துவோம், அதுவரை ஓர் ஆறு மாதம் நானே இருக்கிறேன்' என்று சொல்ல இதைவிட நல்ல சாக்கு எந்த ஜெனரலுக்கும் கிடைத்ததில்லை. மேலும் ஒபசாஞ்சோ யொருபா இனத்தவர். தோற்ற அவோலோவோவும் யொருபா. சொந்த ஜனங்களே 'துரோகி' என்று திட்டத் தயாராக இருந்தார்கள், திட்டவும் செய்தார்கள். அக்டோபர் 1-ஆம் தேதி அவர் ஷகாரியிடம் ஆட்சியை ஒப்படைத்துவிட்டு ஓட்டா என்ற ஊருக்குப் போய் விவசாயம் பார்க்கத் தொடங்கினார். அந்த ஐந்து நாளுக்காக நான் அவருக்கு எழுந்து நின்று வணக்கம் சொல்வேன்.

ஆனால் அந்த ஐந்து நாளுக்கு மட்டும்தான். மூன்றரை வருஷ ஆட்சி முழுவதற்கும் அல்ல. அவர் காலத்தில்தான், 1977 பிப்ரவரியில், பாடகர் ஃபேலா குட்டியின் வீட்டை இராணுவச் சிப்பாய்கள் சூறையாடிக் கொளுத்தினார்கள். நாட்டு விடுதலைக்கும் பெண்களின் உரிமைக்கும் போராடிய அவருடைய வயதான தாயாரை மாடி ஜன்னல் வழியே வீசினார்கள். அந்த அம்மாள் மறு ஆண்டு இறந்தார். ஒபசாஞ்சோ பதவியை விட்டு இறங்குகிற வேளையில் ஃபேலா ஒரு சவப்பெட்டியைக் கொண்டுபோய் அவர் குடியிருந்த டோடன் படைமுகாமின் வாசலில் வைத்துவிட்டு வந்தார். உலகப் பத்திரிகைகள் 'ஆட்சியை விட்டுக்கொடுத்த ஜெனரல்' என்று புகழ்ந்த மனிதரின் வாசலில் அந்தப் பெட்டியும் இருந்தது.

புகழ்ச்சியில்தான் எனக்குத் தகராறு. 'கொடுத்தார்' என்கிறோம். அவருடையதாக இருந்தால்தானே கொடுக்க முடியும்? வழியில் கிடந்த பர்ஸை எடுத்தவன் உரியவரிடம் சேர்த்தால் நல்லவன் என்கிறோம், சரி. பர்ஸைப் பிடுங்கிய கூட்டத்தில் ஒருவன் நாலு வருஷம் செலவழித்துவிட்டுக் கொண்டுவந்து தந்தால், அவனை மேடையேற்றி மாலை போட்டு 'வள்ளல்' என்று அழைத்தால் எப்படி இருக்கும்? வள்ளல் என்று அழைக்க அழைக்க, அடுத்தவனுக்கு அது தன் சொத்து என்ற எண்ணம் வந்துவிடும். கொடுக்கத் தெரிந்தவனுக்கு எடுக்கவும் உரிமை உண்டு என்று ஆகிவிடும்.

நைஜீரியாவில் அதுதான் நடந்தது. 1983 ஜனவரி 26 அன்று நம் குடியரசு தினத்துக்குச் சிறப்பு விருந்தினராக வந்தவர் இதே ஷகாரி. பாஸ் கிடைத்து, குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு ராஜ்பத்துக்குப் போயிருந்தேன். வெள்ளை அங்கியும் நெடுந்தொப்பியுமாக அவரைத் தூரத்திலிருந்து பார்த்த ஞாபகம். அந்த ஆண்டு மறுபடியும் தேர்தலில் வென்றார். டிசம்பர் 31 அன்று இராணுவம் அவரைக் கவிழ்த்தது. வெலிங்டன் மாணவர் புகாரி தலைவரானார். ஊழலும் விலைவாசியும் தாங்காத மக்கள் தெருவில் ஆடிப்பாடி வரவேற்றார்கள் என்பதையும் மறைக்க வேண்டாம். அவர்களும் 'இனிமேல் உருப்படும்' என்றுதான் நினைத்தார்கள். இருபதே மாதத்தில், 1985 ஆகஸ்டில், புகாரியைப் பாபங்கிடா கவிழ்த்தார். ஒரு தடவை திறந்த கதவு அப்புறம் சாத்துவதில்லை. கானாவில் ராலிங்ஸ் 1979 செப்டம்பரில், நைஜீரியாவுக்கு ஒரு வாரம் முந்தியே, தேர்தலில் வென்ற லிமானிடம் ஆட்சியை ஒப்படைத்தார். 1981 டிசம்பர் 31-இல் அவரே வந்து எடுத்துக்கொண்டார்.

பாபங்கிடா தேதி வைப்பதில் மன்னர். 1990 என்றார். பிறகு 1992 என்றார். 1993 ஜனவரி என்றார், ஆகஸ்ட் என்றார். கட்சிகளைக்கூட அவரே உண்டாக்கினார்: இரண்டே கட்சி, ஒன்று கொஞ்சம் இடதுசாரி, ஒன்று கொஞ்சம் வலதுசாரி, இரண்டும் சர்க்கார் செலவில். அப்படி அளந்து தைத்த சட்டைக்குள்ளும் மக்கள் தங்கள் காரியத்தைச் சாதித்துக்கொண்டார்கள் என்பதுதான் வியப்பு. 1993 ஜூன் 12-ஆம் தேதி அமைதியாக வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார்கள். யொருபா முஸ்லிமான மொஷூத் அபியோலா, எதிர்த்து நின்ற வடக்கத்தியரின் சொந்த மாநிலமான கானோவிலேயே ஜெயித்தார். 1979-இல் சட்டப் புத்தகத்தில் எழுதிப் பார்த்தும் வராத ஒற்றுமை, தானாக வந்தது. ஜூன் 23-ஆம் தேதி பாபங்கிடா அந்தத் தேர்தலை ரத்து செய்தார்.

பிறகு நடந்ததை எழுதக் கை கூசுகிறது. நவம்பரில் சானி அபாச்சா ஆட்சியைப் பிடித்தார். தானே ஜனாதிபதி என்று அறிவித்த அபியோலா 1994-இல் சிறைப்பட்டார். அவருக்காகப் போராடிய மனைவி குதிராத் 1996 ஜூனில் லாகோஸ் தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டார். எழுத்தாளர் கென் சாரோ விவா 1995 நவம்பரில் தூக்கிலிடப்பட்டார். ஒபசாஞ்சோவே 1995-இல் சதிக் குற்றம் சாட்டிச் சிறையில் தள்ளப்பட்டார். 1976 முதல் 1979 வரை அவருக்கு வலக்கையாக இருந்த ஷெகு யார் அதுவா 1997-இல் சிறையிலேயே இறந்தார். 1998 ஜூன் 8-இல் அபாச்சா திடீரென்று இறந்துபோனார். ஒரு மாதம் கழித்து, ஜூலை 7-இல், விடுதலையை எதிர்பார்த்திருந்த அபியோலா காவலிலேயே இறந்தார்.

அடுத்து வந்த ஜெனரல் அப்துல்சலாமி அபூபக்கர் பதினோரே மாதத்தில் தேர்தல் நடத்தி, 1999 மே 29 அன்று ஆட்சியை ஒப்படைத்தார். யாரிடம்? சிறையிலிருந்து வெளியே வந்து, சிவில் உடையில் தேர்தலில் நின்று வென்ற அதே ஒபசாஞ்சோவிடம்! அபூபக்கரையும் உலகம் புகழ்ந்தது. வேகமாக வெளியேறினார் என்பது உண்மையே. ஆனால் பிப்ரவரியில் ஜனங்கள் ஓட்டுப் போட்டபோது எந்த அரசியல் சட்டத்தின்கீழ் ஆளப்போகிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது. அது மே 5-ஆம் தேதிதான் இராணுவ ஆணையாகக் கையெழுத்தாயிற்று. 'மக்களாகிய நாம்' என்று தொடங்குகிறது அந்தச் சட்டம்!

நியாயமாகச் சொன்னால், இரண்டாம் முறை வந்த ஒபசாஞ்சோ ஒரு காரியத்தை மிகச் சரியாகச் செய்தார். பதவியேற்ற சில நாட்களிலேயே, இராணுவ ஆட்சிகளில் அரசியல் பதவி வகித்த 93 அதிகாரிகளுக்கு ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார். ருசி கண்ட பூனைகள் எவை என்று அவருக்குத் தெரியாதா? கால் நூற்றாண்டு கடந்தும் நைஜீரியாவில் எந்த இராணுவப் புரட்சியும் ஆட்சியைப் பிடிக்கவில்லை. சுற்றிலும் மாலி, கினி, புர்கினா ஃபாசோ, நைஜர் என்று 2020-க்குப் பிறகு ஒவ்வொன்றாகக் கவிழ்ந்தபோதும் அது நின்றது. மாலியில் 2024 பிப்ரவரியில் தேர்தல் என்று சொன்ன தளபதிகள் அதைத் தள்ளிப்போட்டார்கள். பழைய பாட்டுத்தான்.

அந்த ஒபசாஞ்சோ 2000-ஆம் ஆண்டு நம் குடியரசு தினத்துக்குச் சிறப்பு விருந்தினராக வந்தார். 2006-இல், மூன்றாம் முறையும் ஜனாதிபதியாக இருக்க வழிசெய்யும் திருத்தம் அவர் நாட்டுப் பாராளுமன்றத்துக்கு வந்தது. தாம் கேட்கவில்லை என்று அவர் பின்னால் சொன்னார். செனட் அதை மே 16 அன்று நிராகரித்தது. 1979-இல் அவர் போனது அவருடைய நற்குணத்தால் என்றே வைத்துக்கொள்வோம். 2007-இல் அவர் போனதற்கு அந்த நற்குணத்தை யாரும் நம்பியிருக்க வேண்டியிருக்கவில்லை. இரண்டாவதுதான் எனக்கு அதிக நிம்மதியைத் தருகிறது. நம் சங்கத்து விதிமுறைகளில் தலைவர் பதவிக்கு வருஷக் கெடு இருப்பதும் இதற்காகத்தானே? இல்லாவிட்டால் நம் தலைவர்களின் நற்குணத்தை எத்தனை வருஷம் சோதித்துக் கொண்டிருப்பது!

இன்னொரு விஷயம். ஜனாதிபதி ஒபசாஞ்சோ மே 29-ஐ 'ஜனநாயக தினம்' என்று விடுமுறையாக்கினார். அதாவது ஜெனரல் கொடுத்த நாள். அபியோலாவை அவருக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். இருவரும் அபெயோகுட்டா ஊரில் ஒரே பள்ளியில் படித்தவர்கள். இருந்தும் எட்டு வருஷம் ஆண்டவர் ஜூன் 12-க்கு ஒரு மரியாதையும் செய்யவில்லை. லாகோஸ் போன்ற மேற்கு மாநிலங்களில் ஜனங்கள் தாங்களாகவே அந்த நாளைக் கொண்டாடி வந்தார்கள். கடைசியில் 2018-இல், ஜூன் 12-தான் இனி ஜனநாயக தினம் என்று அறிவித்து, அபியோலாவுக்கு நாட்டின் மிக உயர்ந்த விருதையும் அளித்த ஜனாதிபதி யார் தெரியுமா? 1983-இல் மக்களாட்சியைக் கவிழ்த்த அதே புகாரி! 2015-இல் அவர் தேர்தலில் வென்று வந்திருந்தார். மறு ஆண்டு தேர்தல், மேற்கத்திய ஓட்டு வேண்டும் என்ற கணக்கும் இருந்திருக்கும். இருக்கட்டும். அவரும் இரண்டு முறை இருந்துவிட்டு, 2023 மே 29-இல் சட்டப்படி இறங்கினார்.

2025 பிப்ரவரியில் பாபங்கிடா தம் சுயசரிதையை வெளியிட்டார். தாம் ரத்து செய்த தேர்தலில் ஜெயித்தவர் அபியோலாதான் என்று அதில் எழுதியிருக்கிறார். அப்போது அபியோலா இறந்து 26 வருஷமும், குதிராத் இறந்து 28 வருஷமும் ஆகியிருந்தன.